சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவர்களின் ஒளிப்படங்கள்

(சேரன்மகாதேவியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவர்களின் பழைய ஒளிப்படங்களை நல்ல தாளில் பெரிதாக அச்சிட்டு, சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் வழக்கம் மேலை நாடுகளில் வேரூன்றிவிட்டது. அங்கே பத்திரிகைகளும் ஒளிபரப்பு நிறுவனங்களும் தங்கள் சேமிப்பிலுள்ள நெகட்டிவ்களிலிருந்து இத்தகைய அச்சுகளை எடுத்து விற்கின்றன. வாங்குபவர்களில் பெரும்பாலோர் அந்த நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்ந்து இன்று நடுவயதைத் தாண்டியவர்கள். தமிழ்நாட்டில் இது இன்னும் வணிகமாகவில்லை. ஆனால் வணிகத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இங்கே உண்டு. தமிழில் ஒலிபரப்பாகியும் ஒளிபரப்பாகியும் போன சிறுவர் நிகழ்ச்சிகளில் பதிவாக எஞ்சியவை மிகக் குறைவு. அவற்றை நடத்தியவர்கள் எப்படி இருந்தார்கள், பிள்ளைகள் அவர்களைச் சுற்றி எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்குப் பல நேரங்களில் ஓர் ஒளிப்படமே சான்று. ஆகவே இந்தப் படங்களை அலங்காரப் பொருளாக மட்டும் கருதாமல் ஆவணமாகக் கருதி அச்சிடவும் காக்கவும் வேண்டும்.

1. குரலும் முகமும்

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16ஆம் நாளும் தொடங்கின. திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பர் 1ஆம் நாள் பாளையங்கோட்டையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. தொடக்கம் முதலே வானொலியில் சிறுவர்க்கெனத் தனி நேரம் இருந்தது. அதை நடத்துபவரைப் பிள்ளைகள் உறவுமுறை சொல்லியே அழைத்தார்கள். சென்னையில் கூத்தபிரானுக்கு ‘வானொலி அண்ணா’ என்ற பெயரே நிலைத்தது. அவர் நாடக ஆசிரியர், சிறுவர் எழுத்தாளர். வானொலிப் பணியில் பல தலைமுறைப் பிள்ளைகளைப் பாடவும் நடிக்கவும் வைத்தவர். இலங்கை வானொலியில் சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவரைப் பிள்ளைகள் ‘வானொலி மாமா’ என்றார்கள். தென் மாவட்டங்களில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டதால் தாமிரபரணிக் கரையிலும் அந்த மாமாவுக்கு மருமக்கள் இருந்தார்கள்.

வானொலிக் காலத்துக்குத் தனியான ஓர் இயல்பு உண்டு. கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் நடத்துபவரின் முகத்தைப் பார்த்ததில்லை. வார இதழில் வந்த சிறு படமோ, பள்ளியிலிருந்து நிலையத்துக்குப் போய் நிகழ்ச்சியில் பங்கேற்றவர்கள் எடுத்துக்கொண்ட குழுப் படமோதான் குரலுக்கு முகம் தந்தது. இந்தக் குழுப் படங்கள் நிலையங்களில் இருப்பதைவிட வீடுகளில் இருப்பதே அதிகம். ஒலிவாங்கி, பின்னணித் திரை, முன்வரிசையில் தரையில் சம்மணமிட்ட பிள்ளைகள், நடுவில் அண்ணாவோ அக்காவோ என்று அவற்றுக்கு ஏறக்குறைய ஒரே அமைப்பு. ஆடை, தலைவாரல், ஒலிவாங்கியின் வகை ஆகியவற்றைக் கொண்டே இத்தகைய படத்தின் காலத்தை ஏறத்தாழக் கணிக்க முடியும்.

தொலைக்காட்சி இந்தியாவுக்கு 1959 செப்டம்பர் 15ஆம் நாள் டெல்லி வழியாக வந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. ‘வயலும் வாழ்வும்’, ‘ஒளியும் ஒலியும்’ போன்றவற்றோடு ‘கண்மணிப் பூங்கா’ என்ற சிறுவர் நிகழ்ச்சியும் அதில் இடம்பெற்றது. சென்னைக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் கிடைத்த அந்த ஒளிபரப்பு நெல்லைச் சீமைக்கு உடனே வரவில்லை. இலங்கையில் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கிய பிறகு, தென் கடலோர ஊர்களில் உயரமான ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்தவர்கள் அதைப் பார்த்தார்கள். 1984இல் நாடெங்கும் குறைந்த சக்தி ஒளிபரப்பிகள் வேகமாக நிறுவப்பட்டபோது டெல்லி நிகழ்ச்சிகள் வந்து சேர்ந்தன. 1980களின் பிற்பாதியில் கொடைக்கானல் ஒளிபரப்பி இயங்கத் தொடங்கியதும்தான் சென்னை நிகழ்ச்சிகள் தென் மாவட்டங்களுக்குப் பரவலாகக் கிடைத்தன. தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையின் பெயரைப் பின்னாளில் சென்னை அலைவரிசை ஏற்றுக்கொண்டது. 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் ஆனது.

தனியார் தொலைக்காட்சிக் காலம் 1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் டிவியோடு தொடங்கியது. 2007 ஏப்ரல் 29ஆம் நாள் சுட்டி டிவி வந்தபோது தமிழில் சிறுவர்க்கென்றே முழு அலைவரிசை உருவாயிற்று. தொலைபேசியில் அழைக்கும் பிள்ளைகளோடு நேரடியாகப் பேசும் தொகுப்பாளர்கள் அதன் முகமாக இருந்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். பழைய முகங்களைத் தேடும் ஆசை அவர்களிடமும் தொடங்கிவிட்டது.

2. நிகழ்ச்சி அழிந்தது, படம் நின்றது

பழைய நிகழ்ச்சிகள் கிடைக்காததற்குக் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. தொடக்க காலத்தில் பல நிகழ்ச்சிகள் பதிவின்றி நேரடியாகவே போயின. பதிவான நாடாவும் விலை உயர்ந்தது. ஒன்றை ஒளிபரப்பிய பின் அதே நாடாவில் இன்னொன்றைப் பதிவதே உலகெங்கும் இருந்த நடைமுறை. நாடகம், இசை, செய்தி ஆகியவற்றுக்கு இருந்த மதிப்பு சிறுவர் நிகழ்ச்சிக்கு இல்லாததால் அது எளிதில் அழிக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் இதுவே நடந்தது. 1964 ஏப்ரலில் பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் தொடங்கிய ‘பிளே ஸ்கூல்’ நிகழ்ச்சியின் பல பகுதிகள் அழிக்கப்பட்டன. 1958 அக்டோபர் 16ஆம் நாள் தொடங்கிய ‘புளூ பீட்டர்’ பெருமளவு தப்பியது. 1965 முதல் 1988 வரை அதன் ஆசிரியராக இருந்த பிடி பாக்ஸ்டர் பதிவுகளைக் காப்பதில் பிடிவாதமாக இருந்ததே அதற்குக் காரணம். ஒரு தனி மனிதரின் அக்கறை ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவத்தையே காத்துக் கொடுத்தது.

லண்டன்காரரான ஜான் குரா என்ற ஒளிப்படக் கலைஞரின் பணி இங்கே குறிப்பிடத்தக்கது. 1940களின் இறுதி முதல் 1960கள் வரை அவர் தொலைக்காட்சித் திரையைக் கேமராவால் படம்பிடித்து, சிறு அச்சுகளாக நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றார். வீட்டில் யாரும் நிகழ்ச்சியைப் பதிவுசெய்ய முடியாத காலம் அது. தாங்கள் திரையில் எப்படித் தோன்றினோம் என்பதை அறிய அவர்களுக்கு வேறு வழி இல்லை. பின்னர் நாடாக்கள் அழிந்தபோது, ‘டாக்டர் ஹூ’ தொடரின் தொலைந்த பகுதிகள் பலவற்றை மீட்டமைக்க அந்தச் சிறு அச்சுகளே உதவின. பிழைப்புக்காக எடுத்த படம் வரலாற்றுச் சான்றாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

3. படங்களின் வகைகள்

நடத்துபவர்களின் படங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை விளம்பரப் படம். இதழ்களுக்கு அனுப்பவென்று ஸ்டூடியோ விளக்கொளியில் எடுத்தது. முகம் தெளிவாக இருக்கும். ஆனால் நிகழ்ச்சியைப் பற்றி எதுவும் சொல்லாது.

இரண்டாம் வகை படப்பிடிப்புத் தள ஸ்டில். ஒத்திகையிலோ இடைவேளையிலோ எடுத்தது. கேமரா, விளக்கு, பொம்மை, வண்ணத்தாள் தோரணம், பொறுமையிழந்த குழந்தை என எல்லாம் இதில் இருக்கும். கலை அச்சுக்கும் வரலாற்றுக்கும் மிகச் சிறந்தது இந்த வகையே.

மூன்றாம் வகை திரையைப் பார்த்து எடுத்த படம். இதற்கு ஒரு நுட்பம் உண்டு. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு முழுச் சட்டகம் வரையப்பட 1/25 நொடி ஆகும். ஷட்டர் அதைவிட வேகமாக மூடினால் படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாக விழும். ஆகவே 1/15 அல்லது 1/8 நொடி வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஃபிளாஷ் அடிக்காமல் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் அடித்தால் கண்ணாடி வெளுத்துப் போகும். இப்படி எடுத்த படங்களில் அசைவு மங்கலும் கோடுகளும் தெரியும். பழைய சாலிடேர், டயனோரா பெட்டிகளின் விளிம்பு வளைவும் சேர்ந்து விழுந்திருந்தால், அந்தக் காலத்து வீட்டில் நிகழ்ச்சி எப்படித் தெரிந்தது என்பதற்கு அதுவே சான்று.

நான்காம் வகை பங்கேற்றவர்களின் குழுப் படம். இதில் பிள்ளைகளின் பெயர்களும் பள்ளியும் அறியப்படும்போது அது ஊர் வரலாற்றின் பகுதியாகிறது.

4. நெகட்டிவும் அளவும்

பெரிய அச்சு எடுக்க எந்த மூலம் ஏற்றது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். பழைய தொலைக்காட்சிச் சட்டகத்தை எண்மமாக்கினால் கிடைப்பது 720க்கு 576 படப்புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்தில் அது 2.4 அங்குல அகலமே வரும். 35 மி.மீ. நெகட்டிவின் அளவு 36க்கு 24 மி.மீ. அதை அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 5670க்கு 3780 புள்ளிகள் கிடைக்கும். அதே தரத்தில் அது கிட்டத்தட்ட 19 அங்குலத்துக்கு 12½ அங்குல அச்சாகும். பழைய ஸ்டூடியோக்காரர்கள் விரும்பிய 120 ரோல் நெகட்டிவ் இன்னும் பெரியது. எனவே நெகட்டிவ் இருக்கும்போது காணொளியிலிருந்து படம் எடுத்துப் பெரிதாக்குவது வீண் வேலை.

நெகட்டிவ் கிடைக்காவிட்டால் அச்சுப் படத்தை ஸ்கேன் செய்யலாம். போஸ்ட் கார்டு அளவுப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் இரு மடங்கு பெரிதாக்கிக்கொள்ள இடம் இருக்கும். இதழில் வந்த படம் கடைசி வழி. அது நேரான ஒளிப்படம் அன்று. மைப்புள்ளிகளால் ஆனது. ஸ்கேன் செய்யும்போது அந்தப் புள்ளிகள் அலை அலையான கோலமாகத் தெரியும். மென்பொருளால் அதைக் குறைத்தால் முகத்தின் நுணுக்கமும் சேர்ந்து போகும்.

5. தாளும் நிறமும்

1980கள் வரை தமிழ்நாட்டின் பெரும்பாலான ஸ்டூடியோ அச்சுகள் வெள்ளி உப்பும் ஜெலட்டினும் பூசிய தாளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். இந்தத் தாளையும் ஃபிலிமையும் உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் தயாரித்தது. டார்க் ரூமில் என்லார்ஜர் ஒளியில் தாளைக் காட்டி, டெவலப்பரில் உருவம் வரவழைத்து, ஹைப்போவில் நிலைப்படுத்தி, ஓடும் நீரில் கழுவுவார்கள். கழுவுதலே படத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும். ஹைப்போ மிச்சம் இருந்தால் சில ஆண்டுகளில் மஞ்சள் கறை படரும். பிளாஸ்டிக் பூச்சில்லாத தடித்த தாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கழுவல் தேவை. நன்றாகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் படம் நூறாண்டு கடந்தும் நிற்கும்.

வண்ணப் படத்தின் கதை வேறு. அதில் உருவம் சாயங்களால் ஆனது. 1970களிலும் 1980களிலும் எடுத்த வண்ண அச்சுகளில் இருட்டில் வைத்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். அதனால்தான் பழைய ஆல்பங்களில் எல்லாரும் சிவந்து தெரிகிறார்கள். வெளிச்சத்தில் மாட்டிய படத்தில் செந்நீலச் சாயம் முந்தி மங்கும். தொலைக்காட்சி வண்ணமானது 1982இல். ஆக, முதல் வண்ணத் தலைமுறைத் தொகுப்பாளர்களின் படங்களே இன்று மிக வேகமாக அழிந்துவருபவை. கறுப்பு வெள்ளைக்கு முன்னால் இவற்றை ஸ்கேன் செய்ய வேண்டும்.

இன்றைய கலை அச்சு பெரும்பாலும் நிறமி மையால் பருத்தித் தாளில் எடுக்கப்படுகிறது. நிறமி சாயத்தைவிட ஒளியைத் தாங்கும். கண்ணாடிக்குள் சட்டமிட்ட நல்ல நிறமி அச்சு நூறாண்டுக்கு மேல் நிற்கும் என்று சோதனைக் கூடங்கள் மதிப்பிடுகின்றன. படம் எடுத்த காலத்திலேயே எடுத்த அச்சுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம். பின்னர் எடுப்பவற்றை இத்தனை படிகள்தான் என்று வரையறுத்து, 25இல் 3ஆவது என்பதுபோல் எண்ணிட்டு, ஒளிப்படக்காரர் கையொப்பமிடுவது வழக்கம்.

மீட்டமைப்பில் ஓர் ஒழுங்கு வேண்டும். கீறலையும் கறையையும் நீக்கலாம். மங்கிய நிறத்தைத் திருப்பலாம். இருக்கும் முகச் சுருக்கத்தை அழிப்பதும், கறுப்பு வெள்ளையில் எடுத்த புடவைக்கு நிறம் கற்பிப்பதும், செயற்கை நுண்ணறிவால் புதுமுகம் வரைவதும் சான்றைக் கெடுக்கும். எது மாற்றப்பட்டது என்பதை அச்சின் பின்புறத்தில் எழுதிவைக்க வேண்டும்.

6. ஆற்றங்கரை ஊர்களில் பாதுகாப்பு

சேரன்மகாதேவி தாமிரபரணியையும் கன்னடியன் கால்வாயையும் ஒட்டிய வயல் சூழ்ந்த ஊர். பிசானப் பருவத்தில் வயலெல்லாம் நீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் சேரும்போது காற்றின் ஈரம் உச்சத்தில் இருக்கும். ஒளிப்படத்துக்கு ஏற்ற ஈரம் நூற்றுக்கு 30 முதல் 50 வரை. அதைத் தாண்டினால் ஜெலட்டின் உப்பி ஒட்டும் தன்மை பெறும். பூஞ்சை அதையே உணவாக்கிக்கொள்ளும். இவ்வூர்களின் பழைய வீடுகளில் சட்டமிட்ட படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கிடப்பதற்குக் காரணம் இதுவே.

காக்கும் வழிகள் எளியவை. படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விட வேண்டும். ஆற்றைப் பார்த்த வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்ட வேண்டும். பசை தடவிய பக்கமும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்களிலிருந்து படங்களை மெல்லப் பிரித்து, அமிலமற்ற தாளில் பொதிய வேண்டும். லேமினேஷன் செய்யவே கூடாது. செய்தால் திரும்ப எடுக்க முடியாது. நெகட்டிவ்களைத் தனித்தனித் தாள் உறையில் வைக்க வேண்டும். புளித்த வாடை வரும் நெகட்டிவை மற்றவற்றிலிருந்து பிரித்து உடனே ஸ்கேன் செய்ய வேண்டும். அந்த வாடை அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கியதன் அடையாளம், பக்கத்திலுள்ளவற்றையும் அது கெடுக்கும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தை இழுக்காமல், கண்ணாடியோடே படம்பிடித்துக்கொள்வது நல்லது.

7. உரிமையும் ஒப்புதலும்

படம் கையில் இருப்பதும் அதை அச்சிட்டு விற்கும் உரிமை இருப்பதும் வேறு வேறு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாதவரை, உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இவ்வுரிமை எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் நீடிக்கும். அரசின் படைப்பாக இருந்தால் வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1997 நவம்பரில் பிரசார் பாரதி அமையும்வரை தூர்தர்ஷனும் வானொலியும் அரசுத் துறையாகவே இருந்தன. ஆகவே அவற்றின் ஊழியர் பணியில் எடுத்து 1980இல் வெளியான படத்துக்கு 2040 முடியும்வரை உரிமை இருக்கும்.

படத்தில் இருப்பவருக்கும் உரிமை உண்டு. நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பெயரையும் உருவத்தையும் அவர் ஒப்புதலின்றிப் பயன்படுத்துவது அவரது அந்தரங்க உரிமையை மீறும் என்று விளக்கியது. எனவே தொகுப்பாளரின் ஒப்புதலை, அவர் மறைந்திருந்தால் குடும்பத்தின் இசைவை, எழுத்தில் பெறுவது முறை. குழுப் படத்தில் இருக்கும் பிள்ளைகள் இன்று பெரியவர்கள். அறிந்தவரை அவர்களையும் கேட்பது நாகரிகம்.

8. சேர்க்குமிடம்

அமெரிக்காவில் 1968 முதல் 2001 வரை பிள்ளைகளோடு பேசிய ஃபிரெட் ராஜர்ஸ், தம் தாய் பின்னிய சிவப்புக் கம்பளிச் சட்டையை 1984இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அளித்தார். ஒரு நாட்டின் பொதுச்சொத்தாகச் சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவரை மதித்ததன் அடையாளம் அது. தமிழ்நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி எண்மமாக்கியது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சுப் பண்பாட்டைக் காத்துவருகிறது. வானொலி, தொலைக்காட்சிச் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கும் இத்தகைய தொகுப்பு ஒன்று வேண்டும்.

அது வீடுகளிலிருந்தே தொடங்க முடியும். பாளையங்கோட்டை வானொலி நிலையத்துக்கோ சென்னைத் தொலைக்காட்சிக்கோ பிள்ளைப் பருவத்தில் போய் வந்தவர்கள் அந்தப் படத்தை எடுத்து, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் ஆண்டு, நிகழ்ச்சி, நடத்தியவர், உடன் இருந்தவர்கள், படம் எடுத்த ஸ்டூடியோ ஆகியவற்றை எழுத வேண்டும். ஸ்கேன் செய்த படியைப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் கொடுக்க வேண்டும். பெயர் எழுதாத படம் ஒரு தலைமுறை தாண்டினால் யாருடையது என்று தெரியாத படமாகிவிடும். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதை எழுதிவைப்பது இந்தத் தலைமுறையின் கடமை.